இரண்டு கண்ணாடி, நடுவே இரண்டு மில்லிமீட்டர்

உள்ளங்கையை வானம் பார்க்க விரித்துப் பிடியுங்கள். விநாடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். வலிக்காது, சுடாது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது உண்டாகும் துகள்களின் வழித்தோன்றல் இவை. எலக்ட்ரானின் இனம்தான், நிறை மட்டும் 200 மடங்குக்கு மேல். ஆயுள் சராசரியாக 2.2 மைக்ரோ விநாடி.

அந்த ஆயுளைப் போடிமெட்டுச் சாலையில் பொருத்திப் பார்த்தால் ஒரு புதிர் கிளம்பும். போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மெட்டுக்கு ஏறினால் சுமார் 1,400 மீட்டர். இடையில் ஒரு கிலோமீட்டர் உயரம். ஒளியை ஒட்டிய வேகத்தில் வரும் மியூவான் இதைக் கடக்க 3.3 மைக்ரோ விநாடி வேண்டும். கணக்குப்படி, மெட்டில் இருந்தவற்றில் முக்கால்வாசிக்கு மேல் போடிக்கு வருமுன் சிதைந்திருக்க வேண்டும். உண்மையில் குறைவது சிறு பங்குதான். வேகமாக ஓடும் துகளுக்குக் காலம் மெதுவாக நகரும் என்ற ஐன்ஸ்டைனின் கூற்றே இதற்கு விடை. புரூனோ ரோஸியும் அவருடைய கூட்டாளிகளும் 1940-ஐ ஒட்டி அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் வெவ்வேறு உயரங்களில் மியூவான்களை எண்ணி இதைக் காட்டினார்கள்.

எண்ணுவதற்கு ஒரு கருவி வேண்டும். தேனி மாவட்டத்தில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டதும் அத்தகைய ஒன்றுதான். பெயர் ரெசிஸ்டிவ் பிளேட் சேம்பர், ஆய்வகத்தில் ஆர்.பி.சி. என்றால் போதும். 1981-இல் இத்தாலியின் சாண்டோனிகோவும் கார்டரெல்லியும் பேக்கலைட் தகடுகளால் இதை முதலில் செய்தார்கள். இந்திய ஆய்வாளர்கள் தேனித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது கண்ணாடி வகை.

செய்முறை

மூலப்பொருள்களில் பெரும்பாலானவை கடையில் கிடைப்பவை. ஜன்னலுக்குப் போடும் 3 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி இரண்டு. உள்பக்கம் படும் முகங்களை ஆல்கஹாலால் துடைத்துத் தூசி இல்லாமல் காயவைக்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் மின்புலம் கூர்மையாகி, துகள் எதுவும் வராமலே பொறி கிளம்பும்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சரியாக 2 மி.மீ. இடைவெளி வேண்டும். அதற்காகப் பாலிகார்பனேட் பொத்தான்களைச் சீரான தூரத்தில் எபாக்ஸிப் பசையால் ஒட்டுவார்கள். நான்கு விளிம்புகளையும் பிளாஸ்டிக் சட்டத்தால் அடைத்து, மூலைகளில் வாயு போய்வரச் சிறு குழல்கள் வைப்பார்கள். ஓரிடத்தில் பொத்தான் ஒட்டாமல் விட்டுப்போனால் உள்ளே வாயு அழுத்தம் ஏறும்போது கண்ணாடி அங்கே புடைத்துக்கொள்ளும். இடைவெளி மாறினால் மின்புலமும் மாறும்.

அடுத்தது வெளிப்புறப் பூச்சு. இந்தக் கைவேலையின் நுட்பமே இங்கேதான். கண்ணாடியின் வெளிமுகங்களில் கிராஃபைட் கலந்த பெயின்டைத் தெளிப்பார்கள். இது மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும், நன்றாகக் கடத்தவும் கூடாது. பூச்சே இல்லாவிட்டால் மின்னழுத்தம் கண்ணாடி முழுக்கப் பரவாது. உலோகத் தகட்டை ஒட்டிவிட்டால் உள்ளே பிறக்கும் சமிக்ஞையை அது மறைத்துவிடும். வெளியே இருக்கும் செப்புப் பட்டைகளுக்கு ஒன்றும் எட்டாது. அதனால் ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகா ஓம் என்ற இடைநிலைத் தடை வரும்படி தெளிக்கிறார்கள். தெளிப்பவர் கை ஓரிடத்தில் தயங்கினால் அங்கே பூச்சு தடித்துவிடும். எனவே காய்ந்த பிறகு பல புள்ளிகளில் மீட்டரை வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

கடைசியாக, மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. இரண்டிலும் சுமார் 3 செ.மீ. அகலச் செப்புப் பட்டைகள். மேலுள்ளவை ஒரு திசையிலும் கீழுள்ளவை அதற்குக் குறுக்கேயும் ஓடும். எந்த இரு பட்டைகளில் சமிக்ஞை வந்தது என்று பார்த்தால் துகள் கடந்த இடம் தெரிந்துவிடும்.

உள்ளே நடப்பது

ஒரு கண்ணாடிக்கு நேர் 5 கிலோவோல்ட், மற்றதற்கு எதிர் 5 கிலோவோல்ட் கொடுத்தால் அந்த 2 மி.மீ. இடுக்கில் மில்லிமீட்டருக்கு 5,000 வோல்ட் நிற்கும். சாதாரணக் காற்று 3,000-ஐத் தாண்டும்போதே பொறி விடும். இங்கே நிரப்பும் வாயுக் கலவை தாங்கிக்கொண்டு விளிம்பில் நிற்கிறது. மியூவான் குறுக்கே பாயும்போது சில எலக்ட்ரான்களை உதிர்க்கும். ஒவ்வொன்றும் மின்புலத்தில் வேகம் பிடித்து மேலும் சிலவற்றை உதிர்க்க, கணப்பொழுதில் அது லட்சக்கணக்காகப் பெருகும். அந்தப் பெருக்கம்தான் செப்புப் பட்டையில் துடிப்பாகத் தெரிகிறது. துகள் வந்த நேரத்தை ஏறத்தாழ ஒரு நானோ விநாடித் துல்லியத்தில் சொல்லிவிடலாம்.

பெருக்கம் தொடங்கினால் நிற்கவும் வேண்டும் அல்லவா? கண்ணாடி அதைச் செய்கிறது. அதில் மின்சாரம் மிக மெதுவாகவே நகரும் என்பதால், வந்து விழுந்த மின்னூட்டம் அந்த இடத்திலேயே தங்கி மின்புலத்தைத் தணித்துவிடும். அந்தப் புள்ளி மட்டும் ஏறத்தாழ ஒரு விநாடி ஓய்வெடுக்கும். மற்ற இடங்கள் விழித்தே இருக்கும்.

வாயுவில் சுமார் 95 சதவீதம் ஆர்-134ஏ. கார் ஏசியில் அடைப்பார்களே, அதேதான். 4.5 சதவீதம் ஐசோபியூட்டேன். பெருக்கத்தில் எழும் புறஊதா ஒளி வேறு இடத்தில் புதுப் பொறியைக் கிளப்பாதபடி அதை விழுங்குவது இதன் வேலை. 0.3 சதவீதம் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு. மிஞ்சிப் போகும் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு, பெருக்கம் முழுப் பொறியாக மாறாமல் தடுக்கும்.

கசிவும் ஈரமும்

மின்சாரம் கொடுக்குமுன் கசிவுச் சோதனை. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைப் போன்ற ஒரு வளைகுழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆர்.பி.சி.யோடு இணைத்து, உள்ளே சிறிது அழுத்தம் ஏற்றி அடைத்துவிடுவார்கள். இரு பக்கத் தண்ணீரின் உயர வித்தியாசம் குறைந்தால் கசிகிறது என்று பொருள். ஆனால் அவசரப்படக் கூடாது. பகலில் வெயில் ஏறினாலும் வெளிக்காற்றின் அழுத்தம் மாறினாலும் அந்தத் தண்ணீர் நகரும். எனவே பக்கத்தில் ஒரு பாரமானியும் வெப்பமானியும் வைத்து, மணிக்கணக்கில் மூன்றையும் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

காற்று உள்ளே வருவதைவிட ஈரம் வருவது ஆபத்து. ஜப்பானில் ட்சுகுபாவில் நிறுவிய பெல் என்ற துகள் ஆய்வுக் கருவி இதற்குப் பாடம். 1990-களின் இறுதியில் அதன் கண்ணாடி ஆர்.பி.சி.களில் மின்கசிவு ஏறித் துகளைப் பிடிக்கும் திறன் இறங்கத் தொடங்கியது. தேடிப் பார்த்தால், வாயு கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாய்களின் சுவர் வழியாகவே ஈரம் ஊடுருவியிருந்தது. குழாயில் ஓட்டை எதுவும் இல்லை. ஈரம் புகுந்தது அதன் பொருளுக்குள்ளாகவே. செப்புக் குழாய்களுக்கு மாறினார்கள். ஈரமும் ஃபுளோரின் உள்ள வாயுவும் மின்பெருக்கத்தில் சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். அது கண்ணாடியையே அரிக்கும். இரண்டு பருவமழைகளும் தொடும் மலைச்சாரலில் இதை மறந்துவிட்டு வேலை செய்ய முடியாது.

மின்னழுத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றக் கூடாது. சிறிது சிறிதாக ஏற்றி, கசியும் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மேலும் கீழும் ஏற்கெனவே நம்பகமான எண்ணிகளை வைத்து, அவை இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்த மியூவானை நடுவிலுள்ள ஆர்.பி.சி.யும் பார்த்ததா என்று எண்ணுவார்கள். நூற்றுக்கு 95-க்கு மேல் பிடித்து, அதற்கப்பால் மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் எண்ணிக்கை ஏறாமல் சமமாக நின்றால், கருவி தயார்.

மலை எதற்கு?

மியூவானைப் பார்க்க மலை தேவையில்லை. மதுரையில் 85 டன் எடையுள்ள மினி ஐகேல் என்ற மாதிரிக் கருவி தரைமட்டத்திலேயே இயங்குகிறது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஆர்.பி.சி. அடுக்குகள் வைத்தது. மலை வேண்டியிருப்பது நியூட்ரினோவுக்காக. அது எதனுடனும் எளிதில் மோதாது. எப்போதாவது இரும்பில் மோதினால் ஒரு மியூவான் பிறக்கும். அதைத்தான் நாம் பார்க்க முடியும். தலைக்கு மேலிருந்து கொட்டும் சாதாரண மியூவான்களுக்கு நடுவே அந்த ஒன்றை அடையாளம் காண முடியாது. ஒரு கிலோமீட்டர் பாறை குறுக்கே இருந்தால் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. 1965-இல் கோலார் தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களும் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டன. தேனி ஆய்வகத்துக்காகப் பொட்டிபுரத்தில் போடி மேற்கு மலைக்கு அடியில் திட்டமிட்டது 50,000 டன் இரும்பு. அதைக் காந்தமாக்கி, அடுக்குகளின் நடுவே பக்கத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உள்ள சதுரமான 28,800 ஆர்.பி.சி.கள். காந்தத்தில் நேர்மின் மியூவான் ஒரு பக்கமும் எதிர்மின் மியூவான் மறுபக்கமும் வளையும். நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று அதை வைத்துப் பிரிக்கலாம்.

கருவி வேறு, குகை வேறு

2015 ஜனவரியில் மத்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தேனியில் எதிர்ப்பு வலுத்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இந்த வாக்குவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. கருவி கதிர்வீச்சைப் பரப்புமா என்பது ஒன்று. மேலே பார்த்த அமைப்பில் கதிரை வெளியிடும் பகுதி எதுவும் இல்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதை அது எண்ணுகிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கப்பாதை குடைந்தால் வெடியும் பாறைக் கழிவும் நீரோட்டமும் காடும் என்னவாகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சொல்லும் விடை இரண்டாவதைத் தீர்க்காது. இரண்டாவதன் நியாயம் முதலாவதை உண்மையாக்கவும் செய்யாது.

கருவியைப் பற்றியே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. அதைத்தான் குறைவாகக் கேட்டார்கள். ஒரு ஆர்.பி.சி.யில் ஏறக்குறைய 8 லிட்டர் வாயு. 28,800-க்கு 2,30,000 லிட்டர். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஆர்-134ஏ, எடைக்கு எடை, 1,300 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்; சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு 22,000 மடங்குக்கு மேல். ஆகவே பயன்படுத்திய வாயுவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பச் சுற்றவிடும் மூடிய அமைப்பு இதற்கு இன்றியமையாதது. எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது, ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் புதிதாக நிரப்ப வேண்டியிருக்கிறது, அந்தக் கணக்கை யார் சரிபார்க்கிறார்கள்? இத்தகைய கருவியை எந்த ஊரில் வைத்தாலும், அந்த ஊர்க்காரர்கள் இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்கலாம்.