கூழ்ப்பானையும் தேநீர்க் கடையும்

அபிவிருத்தி என்றதும் வீதி, குளம், கிணறு, கடன் திட்டம் என்பனவே எமது நினைவுக்கு வருகின்றன. மக்கள் யாரோடு இருந்து சாப்பிடுகிறார்கள், மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்பதைத் திட்ட அறிக்கைகள் கேட்பதில்லை. ஆயினும் கிராமத்தில் சில காலம் பணியாற்றிய எவரும் ஒன்றை அறிவர். கூட்டத்தில் வாய் திறவாத மனிதர் தேநீர்க் கடை வாங்கிலில் இருந்து மனம் விட்டுப் பேசுவார். சங்கத்தில் தீராத பிணக்கு ஒரு வீட்டு முற்றத்தில், கூழ்ப்பானையைச் சுற்றி இருக்கையில் தீர்ந்துவிடும். எனவே கிராமத்தின் உணவு இடங்களையும் அதன் வளங்களுள் ஒன்றாக நாம் கணக்கில் எடுக்க வேண்டும். அதேவேளை அந்த இடங்களில் யார் இருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஒரு பானை, பல கைகள்

வடபகுதியில் வீட்டு விருந்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒடியற் கூழ். பனங்கொட்டைகளைப் பாத்தியிட்டுப் பெறும் கிழங்கைக் கிழித்து, பச்சையாகவே வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்து எடுக்கும் மாவே கூழுக்கு உரியது. மாவை நன்றாக நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் காறல் போகாது. இந்தப் படியை அவசரப்பட்டுத் தவிர்ப்பது உடலுக்கும் நல்லதன்று.

பெரிய பானையில் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு என்பவற்றை முதலில் இடுவர். பின்னர் மீன், நண்டு, இறால் சேரும். அவை வெந்ததும் கரைத்த மாவும், அரைத்த செத்தல் மிளகாயும், பழப்புளியும், உப்பும் சேர்த்துத் துழாவ, கூழ் தடித்து வரும். கடைசியில் முருங்கை இலை. பனையோலைப் பிளாவில் அல்லது கோலிய பலா இலையில் வார்த்து, இடையிடையே தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிப்பர்.

இந்த உணவின் சிறப்பு அதன் சுவையில் மட்டும் இல்லை. ஒருவர் தனியாகக் கூழ் காய்ச்சுவதில்லை. இரண்டு பேருக்குக் காய்ச்சினால் அது கூழாகவே வராது என்று மூதாட்டிகள் சொல்வார்கள். கடற்றொழில் செய்பவர் வீட்டிலிருந்து விலைபோகாத சிறு மீன் வரும். தோட்டக்காரர் வீட்டிலிருந்து மரவள்ளி வரும். பனையுள்ளவர் மாக் கொண்டுவருவார். ஒன்றுமில்லாதவர் விறகு கொத்தித் தருவார், நீர் அள்ளி வருவார். எவரும் வெறுங்கையோடு வந்தவராக உணர்வதில்லை. கடையிலே வாங்க வேண்டிய பொருட்கள் மிகச் சில. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, விறகடுப்பும் உள்ளூர்க் கிழங்கும் உள்ள வீடுகள் சற்றுத் தாக்குப்பிடித்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோதும், ஒரு வீட்டில் பல குடும்பங்கள் தங்கி ஒரே பானையில் சமைத்துண்டதைப் பலர் இன்றும் நினைவுகூருகிறார்கள்.

படலையில் நின்றவர்

இத்தனை நன்மையையும் கண்ட நாம், கூட்டாகச் சாப்பிட்டால் ஒற்றுமை தானாகவே வந்துவிடும் என்று சில காலம் நம்பியிருந்தோம். அந்த எண்ணத்தைத் திருத்தியது ஒரு மாலைப்பொழுது.

தீவகக் கிராமமொன்றில் மாதர் சங்கம் தனது ஆண்டுக் கணக்கை முடித்த மகிழ்ச்சியில் கூழ் காய்ச்சியது. நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். சிரிப்பும் பேச்சும் நிறைந்திருந்த வேளையில், படலைக்கு வெளியே முதியவர் ஒருவர் தூக்குச்சட்டியுடன் நிற்பதைக் கண்டோம். கூழுக்கான மாவைத் தந்தது அவரது வீடு. "உள்ளுக்கு வாங்கோ, இருந்து குடிக்கலாம்" என்றோம். "இல்லைச் சுவாமி, நான் கொண்டுபோய்க் குடிக்கிறன்" என்று சொல்லிச் சட்டியை நீட்டினார். கூச்சம் என்றே எண்ணினோம். திரும்பி வரும் வழியில் இளைஞர் ஒருவர் சொன்னார்: "சுவாமி, அவையை ஒருநாளும் அந்த வளவுக்குள்ளை இருத்திச் சாப்பாடு குடுத்ததில்லை."

அன்று நாம் கவனிக்கத் தவறிய இன்னொன்றும் உண்டு. மரவள்ளி சீவி, மீன் கழுவி, மா கரைத்து, புகையில் கண் சிவந்த பெண்கள் எல்லோருக்கும் வார்த்து முடித்த பின்னரே குடித்தார்கள். அவர்களுக்கு எஞ்சியது அடிப்பானைக் கூழ். கொண்டாட்டம் அவர்களுடைய சங்கத்தினது. ஆனால் ஓய்வு அவர்களுடையதாக இருக்கவில்லை.

தேநீர்க் கடை வாங்கில்

இதே கேள்வி தேநீர்க் கடையிலும் இருந்தது. இன்றைய இளைஞர் பிளேன் ரீயும் உழுந்து வடையும் வாங்கிக்கொண்டு வாங்கிலில் அமர்வதை இயல்பான ஒன்றாகக் கருதுவர். அவர்களது பாட்டன்மார் எல்லோருக்கும் அந்த வாங்கில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலத்தில் இருந்து, அல்லது வெளியே நின்று, வெட்டிய போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் குடிக்க நேர்ந்தது.

1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்ட இயக்கம், தீண்டாமைக்கு எதிராகச் சமபந்திப் போசனத்தை முன்வைத்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் வாங்கில் வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் பின்னர், தேநீர்க் கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் பெரும் போராட்டங்களாயின. உயிர்களும் பலியாயின. நமது கிறிஸ்தவ ஆலயங்களும் தனித்தனி இருக்கைகளை வைத்திருந்தமையை இங்கே மறைப்பது நேர்மையாகாது.

இதனால் நாம் கற்பது யாது? பொது இடத்தின் கதவைச் சட்டமும் போராட்டமும் திறக்க முடியும். வீட்டுப் படலையைச் சட்டம் திறப்பதில்லை. அதை வீட்டார்தான் திறக்க வேண்டும்.

தவறணையைப் பற்றி

கிராமத்தின் மற்றொரு கூடுமிடம் தவறணை. இதைப் பற்றி எழுதாமல் விடுவது எளிது. ஆனால் அது பிரச்சினையைத் தீர்க்காது. பனங்கள்ளுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, மரமேறும் தொழிலாளியின் குடும்பத்துக்குச் செல்கிறது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பின்னர் இத்தொழிலாளர் தமது விற்பனையைத் தாமே ஒழுங்குசெய்ய வழி பிறந்தது. கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதம். சாராயத்தில் முப்பது வீதத்துக்கும் அதிகம். கசிப்பில் எவ்வளவு என்று காய்ச்சியவருக்கும் தெரியாது.

எனினும் நாட்கூலியில் பாதி தவறணையில் முடிந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அடியும் வசையும் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கின்றன. ஆண்கள் கூடிப் பேச வேறு இடம் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் ஏற்க வேண்டும். வேலை முடிந்து வருபவர் இருந்து கதைக்க ஒரு தேநீர்க் கடை, ஒரு வாசிகசாலை, ஒரு விளையாட்டு முற்றம் உள்ள ஊரில் அவருக்குத் தெரிவு உண்டு. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கும் கருப்பநீர் புளிக்காது, மதுவும் ஆகாது. அதைப் பருவகாலத்தில் தேநீர்க் கடையிலேயே விற்கலாம். தொழிலாளியின் வருமானமும் காக்கப்படும், பெண்களும் பிள்ளைகளும் குடிக்கலாம்.

பெண்கள் நடத்தும் கடை

அண்மைக் காலத்தில் நம்பிக்கை தரும் ஒரு முயற்சி அம்மாச்சி உணவகம். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் தென்பகுதியில் 'ஹெல போஜூன்' என நடைபெறும் உணவகங்களே வடக்கில் இப்பெயர் பெற்றன. திருநெல்வேலி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களில் இவற்றைக் காணலாம். திணைக்களம் கூரையும் இடமும் தருகிறது. பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் தோசை, அப்பம், இடியப்பம், குரக்கன் பிட்டு, கூழ் என்பவற்றை வாடிக்கையாளரின் கண்முன்னே தயாரித்து விற்கிறார்கள்.

இதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, வீட்டில் கணக்கில் வராத அதே உழைப்புக்கு இங்கே காசு கிடைக்கிறது. இரண்டாவது, உள்ளூர்த் தானியத்துக்கும் கிழங்குக்கும் சந்தை உண்டாகிறது. மூன்றாவது, பெண்கள் தனியாகவும் பிள்ளைகளோடும் வந்து தயக்கமின்றி இருந்து சாப்பிடக்கூடிய இடம் ஊருக்குக் கிடைக்கிறது. ஆயினும் எல்லாக் கிராமத்திலும் திணைக்களத்தின் கட்டடம் எழப்போவதில்லை. மாதர் சங்கம் ஒன்று மாலை வேளைகளில் ஒரு கொட்டிலில் நான்கு வாங்கில்களுடன் சிறிய அளவில் தொடங்கலாம். சுத்தமான நீர், மூடிவைத்த உணவு, அன்றன்று எழுதும் கணக்கு என்ற மூன்றும் இருந்தால் போதும். கடன் கொப்பியை மாத்திரம் கவனமாகக் கையாள வேண்டும். சிறு கடைகளை மூடச் செய்வது பெரும்பாலும் அதுவே.

கடன்பட்ட விருந்து

இதற்கு எதிர்த்திசையில் செல்வது மண்டப விருந்து. முதல் நன்மை, சாமத்தியச் சடங்கு, குடிபுகுதல் எனச் சிறு நிகழ்வுக்கும் மண்டபமும் ஓடர் சாப்பாடும் வேண்டும் என்ற நிலை பரவியுள்ளது. வெளிநாட்டு உறவினரின் பணமுள்ள வீட்டைப் பார்த்து, பணமில்லாத வீடு நகையை அடகு வைக்கிறது அல்லது நுண்கடன் எடுக்கிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு ஆண்டு வட்டி! சமையலின் சுமை வீட்டுப் பெண்ணிடமிருந்து இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் கடன் தவணையின் சுமை அதே பெண்ணின் தலையில்தான் ஏறுகிறது. வீட்டு விருந்தை மீட்பது என்றால் பழைய சுமையை அவளிடம் திருப்பிக் கொடுப்பது என்று பொருள்கொள்ளலாகாது. வேலையைப் பகிர்ந்த விருந்தே மீட்கத்தக்கது. ஆண்கள் மீன் வெட்டலாம், நீர் அள்ளலாம், பாத்திரம் கழுவலாம். கோவில் திருவிழாவிலும் ஆலயப் பெருநாளிலும் பெரிய கிடாரத்தில் சமைக்கத் தெரிந்த கைகளுக்கு வீட்டில் மட்டும் அது தெரியாமற் போவதில்லை.

அடுத்த ஆண்டு

நாம் மேலே கூறிய மாதர் சங்கத்தில், படலையில் நின்ற முதியவரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கோபமும் அழுகையும் இருந்தன. ஈற்றில் ஓர் உறுப்பினர், "வருசா வருசம் ஏன் ஒரு வளவிலை? வீட்டுக்கு வீடு மாத்துவம்" என்றார். அடுத்த ஆண்டு பானை அந்த முதியவரின் முற்றத்தில் ஏறியது. எல்லோரும் வரவில்லை. ஒரு வீட்டார் மீனை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டனர். வந்தவர்களுள்ளும் சிலர் பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் தயங்கினர். முதியவர் அகப்பையைப் பிடித்துத் தாமே வார்த்தார். சமைத்த பெண்களை முதலில் இருத்தினார். ஒருவர் குடிக்க, மற்றவரும் குடித்தனர். அன்று கிராமம் மாறிவிட்டது என்று நாம் எழுதமாட்டோம். ஆனால் தூக்குச்சட்டி அன்று தேவைப்படவில்லை.

உங்கள் சங்கத்தில் கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்:

1. எமது ஊரில் எல்லோரும் வேறுபாடின்றி இருந்து சாப்பிடக்கூடிய இடங்கள் எவை? பெண்கள் தயக்கமின்றிப் போகக்கூடியவை அவற்றுள் எத்தனை?

2. கடைசியாக எமது வீட்டில் நடந்த விருந்தில் யார் சமைத்தார், யார் கழுவினார், யார் கடைசியில் சாப்பிட்டார்?

3. நாம் உணவுக்கும் குடிவகைக்கும் செலவிடும் பணத்தில் எவ்வளவு ஊருக்குள் நிற்கிறது?

4. எமது படலைக்கு வெளியே சட்டியுடன் நிற்பவர் யார்? அடுத்த முறை பானையை எந்த முற்றத்தில் ஏற்றுவோம்?