வண்டியும் பெயரும்

கீரிக் கரையில் இறங்கும் மீன், பனிக்கட்டி உருகுமுன் சந்தை சேர வேண்டும். ஆதலின் மீன் வாணிகர் பழகிய நிறுவனத்தின் வண்டியையே நாடுவது இயல்பு. 1968ஆம் ஆண்டு தோன்றிய டொயோட்டா ஹைலக்ஸ் அத்தகைய நம்பிக்கை பெற்ற பெயர்களுள் ஒன்று.

ஆனால், 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய வண்டிகளின் விலை பெரிதும் ஏறிற்று. 2025இல் தடை தளர்ந்தபோதும் வரிச்சுமை கடுமையாகவே இருந்தது. மாற்று வண்டி தேடுவோர் பெயரை மட்டும் நோக்கின் போதுமா?

உப்புக்காற்றும் மீன்பெட்டியிலிருந்து வடியும் நீரும் எந்த நிறுவனத்து இரும்பையும் அரிக்கும். எனவே முதலில் குனிந்து, சேசி எனப்படும் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். உதிரிப்பாகம் மன்னாரிலேயே கிடைக்குமா, பழுது பார்ப்பவர் அருகில் உளரா என்றும் வினவுதல் நன்று. இவை பொருந்தின், பெயர் புதிதாயினும் அவ்வண்டியை அஞ்சாது கொள்ளலாம்.