முக்காலித் தலையும் திருப்புவிசையும்

ஒளிப்படக் கருவியைத் தாங்கும் முக்காலியில் கால்களைவிடத் தலையே முதன்மையானது. கால்கள் கருவியை நிலத்துக்கு மேலே உயர்த்தி நிறுத்துகின்றன. அது எத்திசை நோக்கும், நோக்கிய திசையில் அசையாது நிற்குமா என்பன தலையைப் பொறுத்தவை. கடைகளில் ‘டிரைபாட் ஹெட்’ எனக் கேட்டு வாங்கும் இவ்வுறுப்பின் பெட்டிமேல், அது இத்தனை கிலோகிராம் தாங்கும் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். வாங்குவோர் பலரும் அவ்வெண்ணைத் தம் கருவியின் எடையோடு ஒப்பிட்டு நிறைவடைகின்றனர். அவ்வொப்பீடு போதாது. அவ்வெண்ணை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொதுமுறை இல்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று இயற்பியல் சார்ந்தது: எடை சுழற்சி மையத்திலிருந்து கிடைத்திசையில் எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தலையின் பூட்டுமீது திருப்புவிசை ஏறுகிறது.

வில்லையோடு சேர்த்து 1.2 கிலோகிராம் எடையுள்ள கருவி ஒன்றை, பந்துமூட்டால் எத்திசையிலும் சாயும் பந்துத் தலைமேல் பொருத்துவோம். அதன் ஈர்ப்பு மையம் பந்தின் நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நேர்நிமிர்ந்து நிற்கும்போது திருப்புவிசை சுழி. 30 பாகை சாய்த்தால் ஏறத்தாழ 0.7 நியூட்டன் மீட்டர். முழுதும் பக்கவாட்டில் சாய்த்தால் 1.4. எடை ஒரு கிராமும் கூடவில்லை. பூட்டு தாங்க வேண்டிய சுமையோ இருமடங்காயிற்று. ஆகவே தலையைத் தேர்பவர் தம் கருவியின் எடையைக் கேட்பதற்குமுன், எதைப் படமாக்க எப்படிச் சாய்க்கப் போகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று மாறான விடைகளை அடுத்தடுத்துத் தரும் நிலம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயில், 2004-ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னம். அதன் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. தஞ்சை விமானம் நேர்க்கோடாய் ஏறுகிறது. இது மெல்ல உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. அவ்வளைவே இக்கட்டடத்தின் தனியழகு. கருவியை அண்ணாந்து சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே குவிந்துவிடும். சிற்பி வகுத்த வளைவும் சாய்வினால் விளைந்த குவிவும் படத்தில் ஒன்றாய்க் கலந்துபோகும். எனவே கருவி கிடைமட்டமாகவே நோக்க வேண்டும். முழுச் சட்டக உணரியில் 24 மில்லிமீட்டர் வில்லையை நெடுக்காக வைத்தால், உச்சிவரை அடங்க விமானத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் பின்வாங்க வேண்டும்.

இவ்வேலைக்குப் பந்துத் தலை உகந்ததன்று. அதன் பூட்டைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளும் ஒருங்கே விடுபடுகின்றன; பக்கச் சாய்வைத் திருத்தப் போனால் முன்சாய்வு கெடும். ஒவ்வோர் அச்சுக்கும் தனிக் கைப்பிடியுள்ள மூவச்சுத் தலையில் அந்தத் தொல்லை இல்லை. பற்சக்கரத் தலை இன்னும் நுட்பமானது. குமிழைத் திருகத் திருகப் பாகையின் சிறுகூறுகளாய் நகரும். எடையும் விலையும் மிகுதியாயினும், கட்டடங்களையே படமாக்குவோர் தயங்காமல் இதனை வாங்கலாம். ஒன்றை மறத்தலாகாது: இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இடங்களில் முக்காலியை நிறுத்த முன்னனுமதி பெற வேண்டும்.

கரைவெட்டிக்குச் சென்றால் தேவை தலைகீழாகிறது. 2024-ஆம் ஆண்டு சனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இப்பாசன ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயம் கடந்து வருகின்றன. நீரிலிருந்து எழும் கூட்டத்தைத் தொடர்ந்து நோக்க, பூட்டிய தலை பயன்படாது. தளர்ந்தும் இருக்க வேண்டும், விழாமலும் இருக்க வேண்டும். இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட நெடுவில்லை ஒரு பந்தின்மேல் தளர்ந்து நின்றால், ஒரு நொடிக் கவனக்குறைவில் முன்னே சரிந்து தலையில் மோதும்.

இதற்கு விடை ஜிம்பல் தலை. அது வில்லையைப் பந்தின்மேல் தூக்கி வைப்பதில்லை. ஒரு கையில் தொங்கவிட்டு, அதன் ஈர்ப்பு மையத்தைக் கிடையச்சும் செங்குத்தச்சும் வெட்டும் புள்ளியிலேயே அமர்த்துகிறது. விலகல் சுழியாவதால் எந்தச் சாய்விலும் திருப்புவிசையும் சுழி. சமன்செய்த தராசுபோல வில்லை விட்ட இடத்தில் நிற்கும். விரலால் தொட்டால் திரும்பும். ஆனால் அந்தச் சமநிலை தானே வருவதன்று. வில்லையின் கழுத்துப்பட்டையில் உள்ள அடித்தட்டை முன்பின் நகர்த்தி, கிடைமட்டத்தில் நிற்குமாறு முதலில் பொருத்த வேண்டும். பிறகு தாங்குதட்டை மேலும் கீழும் நகர்த்தி, சாய்த்த நிலையிலும் நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும். இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். கழுத்துப்பட்டை இல்லாத குறுவில்லைக்கு இத்தலை வீண்சுமையே.

நெடுவில்லைக்குத் தலையின் உறுதி ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பதற்கும் கணக்கு உண்டு. 400 மில்லிமீட்டர் வில்லையின் கிடைப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 5 பாகையே. பூட்டிய பின் தலை பாகையில் பத்திலொரு பங்கு தொய்ந்தால், 6000 படப்புள்ளி அகலமுள்ள படத்தின் அளவையில் காட்சி நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் இடம்பெயரும். 50 மில்லிமீட்டர் வில்லையில் அதே தொய்வு ஏறத்தாழ பதினைந்து புள்ளிகளோடு நின்றுவிடும்.

சாத்தனூர்க் கல்மரம் வேறுவகைச் சிக்கல். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுத் தொன்மையுடைய இந்த அடிமரத்தை 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார். 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அதனை நடுவிலிருந்து 5 மீட்டர் தொலைவில் நின்று படமாக்க எண்ணுவோம். தலையைச் சுழற்றிச் சுழற்றிப் படங்களை எடுத்து இணைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. மரத்தின் இருமுனைகளோ நம்மிடமிருந்து 10 மீட்டருக்கும் அப்பால் உள்ளன. படத்தில் அவை நடுப்பகுதியின் பாதியளவாய்ச் சிறுத்துவிடும். அளவு தவறாத படம் வேண்டுமெனில், தலையைச் சுழற்றாமல் முக்காலியையே மரத்துக்கு இணையாக நகர்த்த வேண்டும். இம்முறை புதிதன்று: 1858-இல் ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமாக்கி, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக அமைத்தார். மெழுகிட்ட தாள் எதிர்ப்படங்களின் காலத்தில் முடிந்த அப்பெரும்பணி இன்றும் வியப்பூட்டுகிறது. முக்காலியை இவ்வாறு நகர்த்தும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருவி அதே உயரத்தில், அதே திசையில், மட்டம் பிசகாமல் அமைய வேண்டும். இங்கும் மூவச்சுத் தலையே துணை.

காரை ஊரின் அரிநிலங்களில் மட்டும் சுழற்சி முறை முற்றும் பொருந்தும். மழை அரித்த களிப்பாறை மேடுகள் தொலைவரை விரிந்து கிடக்கின்றன, காலடியிலோ சிறுகற்கள். அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஒரே படத்தில் வருவதால், சுழற்றும்போது இடமாறு தோற்றம் ஏற்பட்டு இணைப்புகள் பிசகும். அதனைத் தவிர்க்கச் சுழற்சி அச்சு, வில்லையின் முன்புறமிருந்து நோக்கும்போது துளை தோன்றும் இடத்தின் வழியே செல்ல வேண்டும். முக்காலித் திருகின் நேர்மேலே அவ்விடம் பெரும்பாலும் அமைவதில்லை. எனவே தலைமேல் ஒரு நகர்த்துசட்டம் வேண்டும். சுழலும் அடித்தட்டும் மட்டமாக இருத்தல் வேண்டும். பந்துக்குக் கீழே சுழலும் தலையை மேடுபள்ளத்தில் நிறுத்திச் சுழற்றினால் தொடுவானம் சாய்ந்துகொண்டே போகும். பந்துக்கு மேலே, பிடிப்பிலேயே சுழலும் அமைப்புள்ள தலை இக்குறையை நீக்குகிறது.

அந்நிலத்தில் கிடக்கும் அம்மோனைட்டு போன்ற புதைபடிவங்களை எடுத்துச் செல்லாமல் படமாகவே கொண்டுசெல்லுங்கள். இயல்பளவில் எடுக்கும்போது துளை எண் 8-இல் தெளிவாய் விழும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். குவியத்தைப் படிப்படியாய் மாற்றிப் பல படங்கள் எடுத்துச் சேர்க்கும்வரை, கீழ்நோக்கிச் சாய்த்த தலை சற்றும் தொய்யக் கூடாது.

இணைக்கும் உறுப்புகளையும் பார்த்து வாங்க வேண்டும். கருவியின் அடித்துளைக்குரிய திருகு கால் அங்குலம். முக்காலிக்கும் தலைக்கும் இடையிலுள்ளது பெரும்பாலும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. கருவியைத் தலையின் பிடிப்பில் பொருத்தும் அர்கா-சுவிஸ் வகைத் தட்டு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலமுடையதெனினும், நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். நெம்புகோல் பிடிப்பைவிடத் திருகுப் பிடிப்பு அவ்வேறுபாட்டை நன்கு பொறுத்துக்கொள்ளும். சுண்ணாம்புத் தூசி மிக்க அரியலூர்ப் பக்கத்தில் பந்துக்கு எண்ணெய் இடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஒரே தலைதான் வாங்க இயலும் என்போர்க்கு என் பரிந்துரை, கிடைச்சுழற்சிக்குத் தனிப்பூட்டுள்ள உறுதியான பந்துத் தலையும், கருவிக்கேற்ற ‘எல்’ வடிவத் தட்டும். நெடுக்குப் படத்துக்குக் கருவியைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டிய தேவையை அத்தட்டு நீக்கி, ஈர்ப்பு மையத்தை அச்சின்மேலேயே நிறுத்துகிறது. வாங்குமுன் உங்கள் கருவியையும் உங்களிடமுள்ள மிக நீண்ட வில்லையையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தலைமேல் பொருத்தி, முன்சாய்த்துப் பூட்டி, ஒரு புள்ளியைக் குறிவைத்துக் கையை எடுங்கள். குறி கீழிறங்கினால், பெட்டிமேல் எந்த எண் இருந்தாலும் அத்தலையை வாங்காதீர்கள்.