இடம்பெயரும் தரவுத்தளங்கள்

தொடர்புள்ள அட்டவணைகளில் தகவலைச் சேமிக்கும் உறவுசார் தரவுத்தளத்தை, வன்பொருளையும் காப்புநகலையும் வழங்குநரே பராமரிக்கும் மேகக்கணிச் சேவைக்கு மாற்றுவது வெறும் நகலெடுப்பு அன்று. அமேசானின் நுகர்வோர் வணிகப் பிரிவு, ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களிலிருந்த 75 பெட்டாபைட் தரவை அமேசானின் மேகக்கணிச் சேவைகளுக்கு மாற்றி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. பொதுவாக முதலில் முழு நகல் எடுக்கப்பட்டு, பின்னர் பழைய தளத்தில் நிகழும் மாற்றங்கள் புதியதில் தொடர்ந்து சேர்க்கப்படுவதால், வணிகம் பெரும்பாலும் தடையின்றி நடக்கிறது. உண்மையான இடர் நுண்ணிய வேறுபாடுகளில்தான் உள்ளது: ஆரக்கிள் வெற்று எழுத்துச்சரத்தை ‘மதிப்பே இல்லை’ என்று கொள்ள, போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றொரு தரவுத்தளம் இரண்டையும் வேறாகக் கருதுவதால், தொலைபேசி எண் தராதவர்களைத் தேடும் வினவல், பிழை எதையும் காட்டாமலே சிலரை விட்டுவிடக்கூடும். ஆகவே வரிசைகளின் எண்ணிக்கையோடு வினவல்களின் விடைகளையும் ஒப்பிட்ட பிறகே பழைய தளத்தை நிறுத்த வேண்டும்.