1900-இல் பிப்ரவரி 29 உண்டா?

அக்கா மகள் கல்லூரியில் பைத்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். போன வாரப் பயிற்சி இது: ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா என்று நிரல் சொல்ல வேண்டும். தன் விடையோடு தோழிகள் இருவருடையதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். "மூணுமே 2024-க்குச் சரியாச் சொல்லுது மாமா. இதுல எது நல்லது?"

முதல் விடை ஒரே வரி: 4-ஆல் வகுத்து மீதி வராவிட்டால் லீப். இரண்டாவது கொஞ்சம் விவரம்: 4-ஆல் வகுபட வேண்டும், 100-ஆல் வகுபடக் கூடாது. மூன்றாவதான இவளுடையதில் முழு விதியும் இருந்தது. 100-ஆல் வகுபட்டாலும், 400-ஆலும் வகுபட்டால் லீப்தான்.

இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் வானம். பருவங்கள் ஒரு சுற்று வர ஏறத்தாழ 365.2422 நாள். நான்கு ஆண்டுக்கொரு நாள் கூட்டினால் சராசரி 365.25. அந்தத் துளி மிச்சம் சேர்ந்து சேர்ந்து பத்து நாளாகிவிட, 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 ஆக்கினார். அதுமுதல் 400 ஆண்டுக்கு 97 லீப் ஆண்டுகள்தாம்.

"2000-ஐக் கொடு" என்றேன். ஒரு வரிக்காரி சரி. விவரக்காரி தப்பு! பாதி விதி தெரிந்தவள் தோற்று, கால் விதி தெரிந்தவள் தப்பித்தாள். 1901 முதல் 2099 வரை அந்த ஒற்றை வரி ஒருமுறைகூடப் பிசகாது.

அடுத்து 1900. ஒரு வரிக்காரி மாட்டினாள், எதிர்பார்த்ததுதான். இவளுடையதும் 'லீப்' என்றது. முகம் சுருங்கிவிட்டது. விதியில் பிழையில்லை, வரிசையில்தான். இஃப் என்று முதலில் 4-ஐக் கேட்டு, எலிஃப் போட்டு 100, பிறகு 400 என எழுதியிருந்தாள். ஒன்று பொருந்திவிட்டால் பைத்தான் அடுத்த எலிஃபைத் திரும்பியும் பார்க்காது. 100-ஆல் வகுபடுவதெல்லாம் 4-ஆலும் வகுபடும். ஆக, கீழிரண்டு வரிகளும் எந்த ஆண்டுக்கும் பொருந்தவே பொருந்தா. நீளமாக எழுதியும் அது அந்த ஒற்றை வரியேதான். 400, 100, 4 என்று வரிசையைத் திருப்பினாள், சரியாயிற்று.

"எக்செல்லும் இதே தப்பைப் பண்ணும்" என்றேன். நம்பவில்லை. லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் என்று எடுத்துக்கொண்டது; அதன் கோப்புகளோடு ஒத்துப்போக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அதை அப்படியே வைத்துக்கொண்டது.

மடிக்கணினியைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, தேதி வடிவத்துக்கு மாற்றினாள். 29-02-1900. உடனே அதைப் படமெடுத்து ஒரு வரிக்காரிக்கு அனுப்பினாள்.