அலையில் கலக்கும் சாக்கடை

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் அலைச்சறுக்கு ஆடியவர்கள் 1990-இல் ‘சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். சுத்திகரிக்காத சாக்கடையைக் கடலில் விடாதீர்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. அதைப் பொழுதுபோக்குக்காரர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்குவது தவறு. மலக்கிருமிகள் வயிற்றுப்போக்கையும் காது, தொண்டைத் தொற்றையும் தரக்கூடியவை; அவை கலந்த கடல்நீரை விழுங்க நேர்ந்தவர்கள்தான் ஊரை எச்சரித்தார்கள்.

சாக்கடையைக் கையாளும் நீர் நிறுவனங்களின் பதிலிலும் ஓரளவு நியாயம் உண்டு. பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையின்போது உபரியை வெளியே விடாவிட்டால் கழிவு வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும். ஆனால் 2023-இல் இங்கிலாந்தில் இப்படி வெளியேறிய நேரம் மொத்தம் சுமார் 36 லட்சம் மணிநேரம். ஆபத்துக்கென்று வைத்த வழி அன்றாட வழக்கமாகிவிட்டது. சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கோ, பல ஆண்டுகள் வேண்டுமென்றே கழிவைக் கடலில் விட்டதற்காக 2021-இல் நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அங்கே மழையின் மேல் பழிபோட வழியில்லை. இதைச் சரிசெய்யச் செலவு அதிகம் என்பதும் உண்மைதான். ஆனாலும் லண்டனில் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் கால்வாய் வெட்டி, தேம்ஸ் ஆற்றில் விழுந்த கழிவைத் திருப்பிவிட முடிந்திருக்கிறது. அந்தச் செலவுக்காகக் கட்டணத்தை உயர்த்துமுன், பங்குதாரர்களுக்குப் போன லாபத்தின் கணக்கை மக்கள் கேட்பது முறைதான்.