அமர்ந்திருக்கும் வாழ்வும் உடல் நலமும்

'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உழைப்பின்றி உண்பவனிடம் மலையளவு செல்வம் இருப்பினும் அது ஒருநாள் அழிந்தொழியும் என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. ஆனால், செல்வங்களுள் தலையாயது உடல் நலம் அன்றோ? குந்தியே இருப்பவனுடைய உடலாகிய குன்றும் மெல்ல மெல்லத் தேய்கின்றது என்பதை மருத்துவ விஞ்ஞானம் இன்று நன்கு எடுத்துக்காட்டியிருக்கிறது. அவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. அதற்குக் களமாக அமைந்தது ஆய்வுகூடம் அன்று. இலண்டன் மாநகர வீதிகளில் ஓடிய மாடி பஸ் வண்டியே அக்களம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், பிரித்தானியாவில் மாரடைப்பினால் இறப்போர் தொகை பெருகி வந்தது. அதன் காரணம் தெளிவாகப் புலப்படவில்லை. செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டோ என்று ஐயுற்றார் ஜெரமி மொரிஸ் என்னும் வைத்தியர். ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை நிலையிலுள்ள இருவர் வேலை செய்வதை அவர் கண்டார். ஒருவர் சாரதி; மற்றவர் நடத்துனர். சாரதி தம் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஆசனத்திலேயே கழித்தார். நடத்துனரோ, பிரயாணச் சீட்டு வழங்குவதற்காக மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்குமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 படிகள் ஏறினார்.

35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 31,000 ஆண் ஊழியரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் மொரிஸும் அவருடைய கூட்டாளிகளும் முடிவை வெளியிட்டனர். சாரதிகளைக் காட்டிலும் நடத்துனர்களை இருதய நோய் குறைவாகவே பீடித்தது. பீடித்தபோதும் காலந்தாழ்த்தியே வந்தது. வந்தவிடத்தும் உயிர் கொள்ளும் வேகம் குறைந்திருந்தது. தபால் இலாகாவிலும் இதுவே கண்ட காட்சி. நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் கடிதம் கொண்டு சென்றவர்கள், மேசையடியில் அமர்ந்திருந்த லிகிதர்களை விட நலமாக இருந்தனர்.

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. உடல் பருத்தவர்களே சாரதி வேலையை நாடிச் சென்றிருக்கலாகாதா? அவ்வாறாயின் நோய்க்குக் காரணம் பருமனேயன்றி ஆசனம் ஆகாதே! இவ்வினாவை மொரிஸ் தட்டிக் கழிக்கவில்லை. ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவைச் சேர்த்து ஆராய்ந்து, 1956ஆம் ஆண்டில் அம்முடிவையும் வெளியிட்டார். சாரதிகளின் இடுப்பளவு பொதுவாகப் பெரிதாயிருந்தமை உண்மையே. எனினும், மெலிந்தாரை மெலிந்தாரோடும் பருத்தாரைப் பருத்தாரோடும் ஒப்பிட்டபோதும் சாரதிகளுக்கே ஆபத்து மிகுதியாயிருந்தது. ஆகவே, பருமன் மட்டும் காரணமன்று என்பது தெளிவாயிற்று.

அமர்ந்திருப்பதனால் உடலில் நிகழ்வது யாது? உணவிலிருந்து இரத்தத்திற் சேரும் வெல்லத்தைப் பெருமளவில் வாங்கிக்கொள்பவை தசைகளே. அவற்றுள் பெரியவை தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. அமர்ந்திருக்கும்போது அவை ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. வாங்குவார் இன்றிச் சந்தையிற் சரக்குத் தேங்குவது போல, இரத்தத்தில் வெல்லமும் கொழுப்பும் தேங்குகின்றன. பல ஆண்டுகள் இந்நிலை நீடிப்பின் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் அது வழி திறக்கிறது.

கெண்டைக்கால் தசைக்கு மற்றொரு கடமையும் உண்டு. நடக்கும்போது அது சுருங்கி, காலிலுள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அது செயலற்றிருப்பின் இரத்தம் தேங்கி உறைதலும் கூடும். 1940ஆம் ஆண்டில், குண்டு வீச்சுக்கு அஞ்சி இலண்டன் மக்கள் பதுங்கிடங்களில் இரவு முழுவதும் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். அவர்களுட் சிலர் குண்டு படாமலே திடீரென இறந்தனர். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்தமையே காரணம் என்று கீத் சிம்சன் என்னும் வைத்தியர் அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

இனி, வாழ்வின் ஒவ்வொரு பருவத்தையும் நோக்குவோம். ஓராண்டு நிரம்பாத குழந்தையைக்கூட ஒரே முறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலோ நாற்காலியிலோ கட்டிவைத்தல் ஆகாது என உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. தவழ்வதும் உருள்வதும் குழந்தைக்கு விளையாட்டு மட்டுமல்ல, அவையே வளர்ச்சி.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்று அதே நிறுவனம் 2020இல் வகுத்தது. என்புகள் உறுதி பெறும் பருவம் இதுவே. பின்னாளில் முதுமை செலவிடும் முதல் இப்போதே சேமிக்கப்படுகிறது. ஆனால் நடப்பது என்ன? பகலெல்லாம் பாடசாலை வாங்கு, மாலையில் பிரத்தியேக வகுப்பு, இரவில் கைத்தொலைபேசி. பரீட்சை நெருங்கியவுடன் முதலிற் பறிக்கப்படுவது விளையாட்டு நேரமே. பிள்ளையின் நன்மை கருதியே பெற்றோர் இதனைச் செய்கின்றனர். ஆயினும், கல்வியைத் தாங்க வேண்டிய உடலை நலிவித்துக் கல்வியை வளர்த்தல், வேரை வெட்டிக் கிளைக்கு நீர் வார்ப்பது போலாகும்.

இளமை தன்னைக் காத்துக்கொள்ளும் என்று எண்ணுவதும் தவறு. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில், 20 வயதான ஐந்து இளைஞர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். அவர்களுடைய உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குன்றிற்று. முப்பது ஆண்டுகளின் பின் அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை விளைத்த நலிவை விட அந்த மூன்று வாரக் கிடை விளைத்த நலிவே பெரிது என்று தெரியவந்தது.

முதியோருக்கு 'பேசாமல் ஓரிடத்தில் இருங்கள்' என்று பிள்ளைகள் கூறுவது அன்பினால்தான். ஆனால் அவ்வன்பு கால்களின் வலிமையைப் பறித்து, வீழ்ச்சிக்கும் என்பு முறிவுக்கும் இடமளிக்கிறது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியோர் சிலருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தோரின் தசை வலிமை இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. தசைக்குக் காலங்கடந்தது என்பதில்லை.

நாற்காலியை அடியோடு துறத்தல் இயலாது. தையற்காரரும் லிகிதரும் சாரதியும் அமர்ந்தே பிழைக்க வேண்டியவர்கள். அவர்களுக்கும் வழி உண்டு. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான முடிவின்படி, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் வேக நடை போன்ற உழைப்பில் ஈடுபட்டவரிடம் நெடுநேரம் அமர்ந்திருப்பதனால் வரும் மிகை ஆபத்துக் காணப்படவில்லை. அத்துணை இயலாதவரும் இடையிடையே எழுந்து நடக்கலாம். சந்தைக்குக் கால்நடையாகச் செல்லலாம். கிணற்றடியிலும் தோட்டத்திலும் கை கொடுக்கலாம். சிறிதளவும் வீண் போவதில்லை.

பஸ் வண்டியிலே இவ்வுண்மையைக் கண்ட மொரிஸ், தொண்ணூறு வயது கடந்தும் நீச்சலைக் கைவிடவில்லை. 2009ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 99. நெடிய ஆயுளுக்கு உடலுழைப்பு ஒன்றே காரணமென்று கூறுதல் பொருந்தாது. ஆனால், கண்ட உண்மையைக் கைக்கொண்டு வாழ்ந்தார் என்று கூறுதல் பொருந்தும். குன்று மாளாதிருக்க வேண்டுமாயின், குந்தியிருப்பவர் எழுந்திருக்க வேண்டும். அதற்கு எந்த வயதும் ஏற்ற வயதே.